அல்போன்சா மிஸ் உப்புப் பார்ப்பதில்லை

அல்போன்சாவையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்பதே முதல் சந்தேகம். வழக்கமாக அண்ணன் மகன் ஜேக்கப்பும் அவன் மனைவி ஷெரிலும் மகள் டீனாவும் வெளியே சாப்பிடப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில், ஃப்ரிட்ஜில் தோசை மாவு இருக்கிறது என்ற தகவலை அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். மாவை அரைத்து அங்கே வைத்தவளே அவள்தான். அவளுக்கே அந்தத் தகவல்! அன்றைக்குப் பூசை முடிந்து, பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் வாசலில் அவள் குடையை விரித்துக்கொண்டிருந்தபோது ஜேக்கப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அத்தை, மத்தியானம் கொரியன் ரெஸ்டாரன்ட் போறோம். நீயும் வா."

"நான் எதுக்குடா? வூட்ல மீன் கொழம்பு கீது."

"அது நாளைக்கு ஆவும். டேபிள் புக் பண்ணிட்டேன், நாலு பேருக்கு."

நாலு பேருக்கு என்று தன்னையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறான் என்பதில் அல்போன்சாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனது. அறுபத்து மூன்று வயதில் இதற்குக்கூடவா ஒரு மனுஷிக்குக் குளிரும் என்று கேட்டால், குளிரும். வீட்டுக்குப் போய் ஈஸ்டருக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, மற்ற மூவரும் கிளம்புவதற்கு முன்பே காரில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

சாந்தோம் பக்கத்தில் ஒரு கான்வென்ட் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் பி.டி. மிஸ்ஸாக இருந்தவள் அவள். கணக்கு மிஸ்ஸையும் இங்கிலீஷ் மிஸ்ஸையும் நினைவில் வைத்திருக்கும் பெண்கள் பி.டி. மிஸ்ஸை மட்டும் மைதானத்து வெயிலோடு சேர்த்து மறந்துவிடுவார்கள். அல்போன்சாவுக்கு அதில் மனக்குறை கிடையாது. நல்ல உயரம், நேரான முதுகு, விசிலே தேவையில்லாத குரல். வரிசை கோணினால் பொறுக்காது. ரிட்டயரான பிறகும் காலையில் எலியட்ஸ் பீச்சில் நடக்க வரும் பெண்களை நிற்கவைத்து, கையைத் தூக்கு, காலை மடக்கு என்று ஆட்டிவைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்கள் அவளைத் திட்டிக்கொண்டே மறுநாளும் வந்தார்கள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "எவனும் லைன்ல ஒழுங்கா நிக்கல" என்று சொல்லிச் சிரிப்பாள். உண்மை வேறு. அண்ணன் பிலிப்பும் அண்ணியும் மஸ்கட்டில் வேலைக்குப் போனபோது மூன்று வயது ஜேக்கப்பை அவளிடம் விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு வருஷம் என்று சொன்னது பதினான்கு வருஷமாக நீண்டது. நடுவில் பெரம்பூரிலிருந்து ரயில்வேக்காரர் ஒருவர் பெண் கேட்டு வந்தார். நல்ல மனிதர், நன்றாகப் பாடவும் செய்வார். பிள்ளையை மட்டும் எங்கேயாவது ஹாஸ்டலில் விட்டுவிடலாமே என்றார். அல்போன்சா அவருக்கு இன்னொரு கப் டீ கொடுத்து அனுப்பிவைத்தாள்.

மஸ்கட்டிலிருந்து வந்த பிலிப், அவர்கள் குடியிருந்த பெசன்ட் நகர் ஃப்ளாட்டையே விலைக்கு வாங்கினார். "இது உன் வீடுதான் அல்போ" என்று அவர் சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பிலிப்பும் போய், மறு வருஷமே அண்ணியும் போய்ச் சேர்ந்த பிறகு வீடு ஜேக்கப்புக்கு வந்தது. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வாசலை ஒட்டிய சின்ன அறையில் அவளுடைய கட்டிலும் மாதா படமும் இருந்த இடத்திலேயே இருந்தன, அவளும் இருந்தாள்.

ரெஸ்டாரன்ட், போட் கிளப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. மரம் மூடிய தெரு. காவல்காரர்களைத் தவிர வேறு யாரையும் வெளியே காணவில்லை. உள்ளே ஒவ்வொரு மேசையின் நடுவிலும் குழி வெட்டி அடுப்பைப் பதித்திருந்தார்கள். கூரையிலிருந்து தொங்கிய குழாய் புகையை இழுத்துக்கொள்ளும் என்று டீனா விளக்கினாள். டீனாவுக்குப் பதின்மூன்று வயது. சென்னையில் பிறந்து வளர்ந்தாலும் மனசளவில் அவள் குடியிருப்பது சியோலில்தான். அப்பா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அல்போன்சா அத்தைதான்.

உட்கார்ந்ததுமே குட்டிக் குட்டிக் கிண்ணங்கள் வரிசையாக வந்து இறங்கின. சிவப்பாக ஒரு கோஸ், முளைகட்டிய பயறு, முள்ளங்கி, பெயர் தெரியாத ஒரு கீரை. அல்போன்சா கோஸைக் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டாள்.

"இன்னாடி இது, புளிச்சுப்போய் கீது? ஊறுகா போடத் தெரியாதவன் போட்ட மாதிரி."

"அய்யோ அத்தை, அது கிம்ச்சி! சத்தமா சொல்லாத, அவங்க காதுல வுழப்போவுது."

பக்கத்து மேசையில் கொரியாக்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள், ஏதோ கம்பெனி ஆட்கள். அவர்களில் ஒருவருக்கு எழுபது வயதிருக்கும். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கரண்டியை எடுத்ததும் மற்ற மூன்று கரண்டிகளும் எழுந்தன. அல்போன்சாவுக்கு அந்த ஒழுங்கு பிடித்துப்போனது.

"கொரியால அப்படித்தான் அத்தை" என்றாள் டீனா, வாய் நிறையப் பயறோடு. "பெரியவங்க முதல்ல சாப்பிடணும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது. ரொம்ப ரெஸ்பெக்ட்."

சர்வர் வந்து நின்றார். ஜேக்கப் படத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னான். கொழுப்பும் கறியுமாக அடுக்கடுக்காக இருக்கும் போர்க், மூன்று பிளேட். அப்புறம் அல்போன்சாவைக் காட்டி, "இவங்களுக்கு மட்டும் சிக்கன். இவங்களுக்குப் போர்க் புடிக்காது" என்றான். சொல்லிவிட்டு, எவ்வளவு ஞாபகமாகச் சொன்னேன் பார் என்பதுபோல் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

புடிக்காது. ஜேக்கப் இதைச் சின்னப் பிள்ளையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். உலகத்தில் அல்போன்சாவுக்குப் போர்க்கைப்போல் பிடித்த பண்டம் வேறு எதுவும் இருந்ததில்லை. சிறுவயதில் கிறிஸ்மஸ் அன்று தோலோடு இருக்கும் துண்டுக்காக பிலிப்போடு சண்டை போட்டு அவர் கையைக் கடித்து வைத்தவள். மாவட்ட அளவில் நானூறு மீட்டர் ஓடி ஜெயித்தபோது பரிசாக என்ன வேண்டும் என்று அப்பா கேட்டதற்கு, ஒரு சட்டி போர்க் வறுவல், யாருக்கும் பங்கு கிடையாது என்று சொன்னவள்.

ஜேக்கப்புக்கு ஐந்து வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தான், கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. இனி நம் கையில் இல்லை என்றார் டாக்டர். பிலிப்புக்கு விமானம் கிடைக்கவில்லை, போனில் அழ மட்டும் முடிந்தது. பக்கத்துக் கட்டில்காரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அல்போன்சா விடியக்காலையில் வேளாங்கண்ணி கோயிலுக்கு ஓடினாள். அங்கே பிள்ளைக்காக வருகிறவர்கள் வெள்ளித்தொட்டில் வைப்பார்கள், சங்கிலியைக் கழற்றிப் போடுவார்கள். அவள் கழுத்தில் அப்போது விசில் கட்டிய கயிறுதான் தொங்கியது. கொடுப்பதற்குத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தவளுக்குத் தன் நாக்கு ஞாபகம் வந்தது.

"மாதாவே, இவனை எழுப்பிக் குடு. சாவுற வரைக்கும் நான் போர்க்கைத் தொடமாட்டேன்."

மாதா இதைக் கேட்டுச் சிரித்திருக்கலாம். ஆனால் பையன் மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, "பசிக்குது அத்தை" என்றான். அந்த வருஷக் கிறிஸ்மஸுக்கு அவன் போர்க்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க, அல்போன்சா வினிகரும் மிளகுமாக அரைத்துப் போட்டுச் சமைத்தாள். உப்புப் பார்க்க வேண்டிய நேரம் வந்தபோது கரண்டியை வாய்வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். "ஜேக்கு, இங்க வா. உப்பு பார்த்துச் சொல்லு." அவன் முக்காலியில் ஏறி நின்று, உள்ளங்கையில் வாங்கி நக்கி, பெரிய மனுஷன் மாதிரி யோசித்து, "இன்னும் கொஞ்சம்" என்றான்.

அன்றிலிருந்து அது அவன் உத்தியோகமாகிவிட்டது. ஒவ்வொரு கிறிஸ்மஸும் ஒவ்வொரு ஈஸ்டரும் அவள் சமைத்தாள், அவன் உப்புப் பார்த்தான். காலேஜ் போன பிறகும், கல்யாணமான பிறகும் சமையலறை வாசலில் வந்து நின்று கையை நீட்டினான். நீயே ஏன் பார்க்கக்கூடாது என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. மாதாவிடம் நேர்ந்துகொண்ட பொருத்தனையை வெளியே சொன்னால் அது பெருமையடிப்பதாகிவிடும் என்பது அவள் எண்ணம். பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. ஆகவே குடும்பத்தில் எல்லோரும் அவரவருக்குத் தோன்றியதை முடிவுசெய்துகொண்டார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் ஷெரில், அத்தை நம் வீட்டுச் சாப்பாட்டை வேண்டுமென்றே ஒதுக்குகிறார் என்று கோபித்துக்கொண்டதும் உண்டு.

கறி வந்தது. சர்வர் அடுப்பைப் பற்றவைத்து, நாலு துண்டைப் பரப்பி, இடுக்கியையும் கத்தரிக்கோலையும் மேசையில் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். டீனா அதை வீடியோ எடுத்தாள். ஷெரில் டீனா வீடியோ எடுப்பதைப் போட்டோ எடுத்தாள். ஜேக்கப்புக்கு ஆபீஸிலிருந்து போன். கறி சுருண்டு, ஓரம் கருகத் தொடங்கியது. அல்போன்சா பொறுத்துப் பார்த்தாள். கண்ணெதிரே கறி தீய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார அவளுக்குத் தெரியாது. இடுக்கியை எடுத்துப் புரட்டிப்போட்டாள்.

அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்த இடுக்கி அவள் கையிலேயே தங்கிவிட்டது. கத்தரிக்கோலால் வெட்டினாள், சிவந்ததை ஓரத்துக்குத் தள்ளினாள், டீனாவுக்கு இரண்டு, ஷெரிலுக்கு இரண்டு, ஜேக்கப்புக்கு மூன்று என்று வைத்தாள். வைத்தது வைத்த வேகத்தில் காலியானது. அவளுடைய சிக்கன் எப்போதோ வந்து முழங்கைக்குப் பக்கத்தில் ஆறிக் கிடந்தது. சாப்பிடு அத்தை என்று ஒரு வாய் சொல்லவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அவள் பரிமாறிக்கொண்டிருப்பதுதான் அவர்கள் கண்ணுக்குப் பழகிய காட்சி, அது மாறினால்தான் கவனித்திருப்பார்கள்.

வாசனைதான் அவளைப் படுத்தியது. வீட்டுச் சமையலில் வினிகரும் மசாலாவும் தூக்கலாக இருக்கும், அதற்கு மூக்கைப் பழக்கிவைத்திருந்தாள். இங்கே மசாலா கிடையாது. கறியும் கொழுப்பும் நெருப்பும் மட்டும். சின்ன வயது கிறிஸ்மஸ் அப்படியே எழுந்து வந்து முகத்தில் அடித்தது. வாயில் ஊறியதை விழுங்கிக்கொண்டு அடுத்த துண்டைப் புரட்டினாள்.

ஜேக்கப் போனைக் கவிழ்த்து வைத்தான். தொண்டையைச் செருமினான். ஷெரில் சட்டென்று தண்ணீர் குடித்தாள்.

"அத்தை, நம்ம பிளாக்கை இடிச்சிக் கட்டப்போறாங்க, தெரியுமில்ல? பில்டர்கிட்ட எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு."

"தெரியும். சொன்னியே."

"ரெண்டு வருஷம் ஆவும். அதுவரைக்கும் நாங்க ஓ.எம்.ஆர்ல ஒரு ஃப்ளாட் பாத்திருக்கோம். சின்னது. ரெண்டே ரூம்."

"சரி, நான் ஹால்ல படுத்துக்கறேன். எனக்கு இன்னா கட்டிலா வேணும்?"

"அதில்ல அத்தை." அவன் தட்டைப் பார்த்துப் பேசினான். "செங்கல்பட்டு போற வழில சிஸ்டர்ஸ் நடத்துற ஹோம் ஒண்ணு கீது. நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தேன். நல்லா கீது. சாப்பல் உள்ளயே கீது, டெய்லி பூசை. உன் வயசுக்காரங்க நிறைய பேர். வர்ற மாசத்திலேருந்து ரூம் புக் பண்ணிட்டேன், ஒருத்தருக்கு."

டேபிள் புக் பண்ணிட்டேன், நாலு பேருக்கு என்று காலையில் சொன்ன அதே குரல். அல்போன்சாவின் கையிலிருந்த இடுக்கி அப்படியே நின்றது. கறி ஒன்று தீய்ந்தது.

"நீங்க அங்க போய் எக்ஸர்சைஸெல்லாம் சொல்லித் தரலாம் அத்தை" என்றாள் ஷெரில். "அவங்களுக்கும் யூஸ்ஃபுல்லா இருக்கும்."

"ரெண்டு வருஷம்தான் அத்தை" என்றான் ஜேக்கப். "கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிடும். புது வூடு கட்டினதும் வந்து கூட்டிக்கினு வந்துடுவேன்."

டீனாவுக்கு அந்த நேரம் பார்த்து உற்சாகம் வந்தது. "அத்தை, புது வூட்ல மூணு பெட்ரூம் தெரியுமா? ஒண்ணு அம்மா அப்பாவுக்கு, ஒண்ணு எனக்கு, ஒண்ணு அப்பாவோட ஆபீஸ் ரூம். என் ரூம்ல சுவர் ஃபுல்லா கண்ணாடி வெச்சுத் தரேன்னு சொல்லிட்டாங்க, டான்ஸ் பிராக்டிஸுக்கு!"

"டீனா, சாப்பிடு" என்றாள் ஷெரில்.

கூரைக் குழாய் புகையை இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் சின்னவயசுக்காரன் ஒருவன் கறியை இலையில் மடித்து இரண்டு கையாலும் அந்தப் பெரியவரின் தட்டில் வைத்தான்.

டீனா சொன்ன மூன்று அறைகளையும் அல்போன்சா மனதுக்குள் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள். தவறு இல்லை, கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக அவமானம் வந்தது. புடவை மாற்றிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் காரில் போய் உட்கார்ந்தோமே என்பதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது.

"ஜேக்கு" என்றாள். "நான் ஏன் போர்க் சாப்புடறதில்லன்னு உனக்குத் தெரியுமா?"

அவன் நிமிர்ந்தான். பேச்சு வேறு பக்கம் திரும்பியதில் அவன் முகம் தெளிந்தது. "புடிக்காது. அதானே? ஏன் அத்தை?"

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம் போதும். அவள் வளர்த்த பிள்ளை, அவளுக்கு அவனைத் தெரியும். சொன்னால் இந்த மேசையிலேயே உடைந்து அழுவான். ஹோமுக்கு இப்போதே போன் போட்டு வேண்டாம் என்பான். ஆபீஸ் ரூமை அவளுக்கே கொடுத்துவிடுவான். அந்த அறையில் அவள் படுத்திருப்பாள், அவன் கதவைக் கடக்கும்போதெல்லாம் தன் உயிருக்கு வாடகை கொடுப்பதுபோல் நினைத்துக்கொண்டு கடப்பான். அப்படி ஒரு அறை வேண்டுமா? அத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் காப்பாற்றியதைக் கடைசியில் நாலு சுவருக்கு விற்பதா? அவளுக்கு உடம்பே கூசியது.

"ஒண்ணுமில்ல" என்றாள். "சும்மா கேட்டேன்."

அடுப்பில் ஒரு துண்டு பதமாக வெந்திருந்தது. கொழுப்பு ஓரத்தில் கண்ணாடி மாதிரி மின்னியது, தோல் மொறுமொறுப்பாகச் சிவந்திருந்தது. மற்ற மூவரும் அது தங்களுக்குத்தான் வரும் என்று தட்டை லேசாக நகர்த்தினார்கள். அல்போன்சா அதை இடுக்கியால் எடுத்தாள், ஊதினாள், தன் வாயில் வைத்தாள்.

மெதுவாக மென்றாள். ருசி கொஞ்சமும் மாறவில்லை. மாறியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அத்தனை கிறிஸ்மஸும் அத்தனை ஈஸ்டரும் தான் எதை விட்டுக்கொடுத்தோம் என்பது இப்போது நாக்கு முழுவதும் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

"அத்தை போர்க் சாப்பிடுது!" என்று டீனா கத்திக்கொண்டே போனைத் தூக்கினாள். "இன்னொரு வாட்டி அத்தை, இன்னொரு வாட்டி!"

ஜேக்கப் வாய்விட்டுச் சிரித்தான். கனமான பேச்சு சுலபமாக முடிந்துவிட்ட நிம்மதி அந்தச் சிரிப்பில் இருந்தது. "பாத்தியா ஷெரில்? இத்தன வருஷமா புடிக்காது புடிக்காதுன்னு சொல்லிக்கினு இருந்துச்சு. எப்படிக் கீது அத்தை?"

"உப்பு கம்மி" என்றாள் அல்போன்சா.

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் பகீரென்றது. இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, மேசைக்குக் குறுக்கே எட்டி, புறங்கையை அவன் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் கழுத்தில்.

"இன்னா அத்தை?" என்றான் அவன், சிரிப்பு மாறாமல்.

காய்ச்சல் இல்லை. ஏ.சி. குளிரில் உடம்பு சில்லென்றுதான் இருந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டு அடுத்த துண்டை எடுத்தாள்.